பிளைத்பரா தேவாலயமும் கடல் தின்ற ஊர்களும்: முதல்முறை போகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் மாவட்டத்துக் கடற்கரையை ஒட்டி பிளைத்பரா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சில நூறு பேர் வாழும் ஊர். ஒரு சாப்பாட்டு விடுதி, கொஞ்சம் வீடுகள், நடுவே விர்ரென்று போகும் ஏ12 சாலை, அவ்வளவுதான். ஆனால் அந்த ஊரின் மேட்டில் நிற்கும் பரிசுத்த திரித்துவ தேவாலயம் ஏறக்குறைய 39 மீட்டர் நீளம். மேல்வரிசையில் மட்டும் ஒரு பக்கத்துக்குப் பதினெட்டு ஜன்னல்கள். ஊர் மக்கள் எல்லோரும் போய் உட்கார்ந்தாலும் பாதிக்கு மேல் காலியாகத்தான் இருக்கும். சுற்றிலும் சதுப்பு நிலம் என்பதால் 'சதுப்பு நிலத்துப் பேராலயம்' என்று ஒரு செல்லப் பெயரும் உண்டு.

இவ்வளவு சின்ன ஊருக்கு எதற்கு இவ்வளவு பெரிய கோயில்? போகும்போது இந்த ஒரு கேள்வியை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பதில் தேவாலயத்துக்குள் கிடைக்காது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவில், டன்னிச் கடற்கரையிலும், வால்பர்ஸ்விக் படகுத்துறையிலும், கோவ்ஹைத்தில் சாலை அறுந்து நிற்கும் இடத்திலும் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. அதனால்தான் எந்த இடத்துக்கு அடுத்து எந்த இடம் என்பது இங்கே முக்கியம் என்கிறேன். நான் முதல்முறை போனபோது தேவாலயத்தைக் கால் மணி நேரத்தில் பார்த்து முடித்துவிட்டு, நேராகக் கடற்கரைக்கு ஓடிவிட்டேன். அழகாக இருந்தது, ஆனால் ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் முறை வரிசை மாற்றிப் போனபோதுதான் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எப்போது போகலாம்

மே, ஜூன் மாதங்கள் முதல் தேர்வு. பகல் நீளம், வேலியோரமெல்லாம் வெள்ளைப் பூ, சதுப்பில் பறவைகள் குஞ்சு பொரிக்கும் காலம். ஆகஸ்ட் கடைசியில் போனால் டன்னிச் பொட்டல்வெளியில் ஹெதர் பூத்து, தரை முழுக்க ஊதாவாக இருக்கும். ஆனால் அது பள்ளி விடுமுறைக் காலம். கூட்டமும் விடுதி வாடகையும் அதிகம். குளிர்காலத்தில் போவதிலும் ஒரு லாபம் உண்டு: பிளைத் ஆற்றின் கழிமுகத்தில் பறவைகள் கூட்டம் கூட்டமாக இறங்கியிருக்கும். ஆனால் டிசம்பரில் மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடும், படகும் ஓடாது.

ஞாயிறு காலை வழிபாட்டு நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். வழிபாட்டில் கலந்துகொள்ள விருப்பம் என்றால் தாராளமாகப் போகலாம், எந்த மதத்தவரையும் வரவேற்பார்கள். சுற்றிப் பார்க்க மட்டும் அந்த நேரத்தில் போகக் கூடாது. திருமணமோ இசை நிகழ்ச்சியோ இருந்தாலும் உள்ளே விட மாட்டார்கள். இங்கே கச்சேரி அடிக்கடி நடக்கும். 1969இல் ஆல்டபரோ இசை விழாவின் ஸ்னேப் அரங்கு தீப்பிடித்து எரிந்தபோது, விழா நிகழ்ச்சிகளில் சிலவற்றை இந்தத் தேவாலயத்துக்குத்தான் மாற்றினார்கள். அந்த உறவு இன்னும் இருக்கிறது. கிளம்பும் முன் தேவாலயத்தின் இணையதளத்தை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

போய்ச் சேருவது

காரில் போனால் லண்டனிலிருந்து ஏறக்குறைய 160 கிலோமீட்டர். செல்ம்ஸ்ஃபோர்ட், கோல்செஸ்டர், இப்ஸ்விச் தாண்டி ஏ12இலேயே வடக்கே போய்க்கொண்டிருக்க வேண்டும். இரண்டரை மணி நேரம் என்று வரைபடச் செயலி சொன்னால் மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சைஸ்வெல்லில் புதிய அணுமின் நிலையம் கட்டும் வேலை நடப்பதால் இப்ஸ்விச்சுக்கு வடக்கே லாரிகள் அதிகம்.

ரயிலில் போவதானால் லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ஏறி, இப்ஸ்விச்சில் இறங்கி, லோஸ்டாஃப்ட் போகும் ரயிலுக்கு மாற வேண்டும். அது பொதுவாக மணிக்கு ஒன்று. டார்ஷம் அல்லது ஹேல்ஸ்வொர்த் நிலையத்தில் இறங்கலாம். இரண்டிலிருந்தும் பிளைத்பரா சுமார் எட்டுக் கிலோமீட்டர். இங்கேதான் கவனம் தேவை. இறங்கியவுடன் வாசலில் டாக்சி நிற்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நான் அப்படி நம்பி டார்ஷமில் இறங்கி, ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கூட வந்த அம்மா கொண்டுவந்த இட்லியை அங்கேயே பிரித்துச் சாப்பிட்டோம். டாக்சியை முந்தைய நாளே பேசி வைத்துவிடுங்கள், திரும்பி வரும் பயணத்துக்கும் சேர்த்து. பேருந்து உண்டு, ஆனால் குறைவு. ஞாயிற்றுக்கிழமை அதை நம்பிக் கிளம்பாதீர்கள். மிதிவண்டி ஓட்டுகிறவர்களுக்கு ரயிலில் வண்டியை ஏற்றிக்கொண்டு வருவதுதான் நல்ல வழி. நிலம் பெரும்பாலும் தட்டை, உள்சாலைகளில் போக்குவரத்தும் குறைவு.

ஊர்ப் பெயர்களை எழுத்துக் கூட்டிச் சொன்னால் உள்ளூர்க்காரர்களுக்குப் புரியாமல் போகலாம். டன்விச் என்று எழுதுவதை டன்னிச் என்றுதான் சொல்கிறார்கள். பிளைத்பராவின் நடு எழுத்தையும் பலர் விழுங்கிவிடுகிறார்கள்.

கையில் என்ன வேண்டும்

காற்றுத் தாங்கும் மேலாடை கட்டாயம். வட கடலிலிருந்து வரும் காற்று ஜூலையிலும் சில்லென்று இருக்கும். ஈரம் புகாத காலணி வேண்டும். பொட்டல்வெளியில் நடப்பதானால் முழுநீளக் கால்சட்டை போடுங்கள், உண்ணி கடிக்கும். இரவில் குழந்தைகளின் கால், முழங்கால் மடிப்பு எல்லாம் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பலர் மறப்பது இருநோக்கி. பறவைக்காக மட்டும் அல்ல, தேவாலயக் கூரையைப் பார்க்கவும் அது வேண்டும். அதில்லாமல் போனால் இந்தப் பயணத்தின் பாதி போச்சு. கொஞ்சம் சில்லறைக் காசும் வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பசியோடு தவிக்க வேண்டியதில்லை. ஆனால் கிராமத்து உணவகங்களில் பிற்பகல் இரண்டு, இரண்டரைக்கு மேல் அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஒரு பொட்டலம் புளியோதரை கையில் இருந்தால் கவலை இல்லை.

தேவாலயத்துக்கு வெளியே ஐந்து நிமிடம்

காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். உடனே உள்ளே நுழையாமல், முதலில் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

சுவரைத் தொட்டுப் பாருங்கள். கரும்பளபளப்பாக, கண்ணாடிச் சில்லு போல இருப்பது சிக்கிமுக்கிக் கல். சஃபோக்கில் கட்டடத்துக்கு ஆகிற பாறை கிடையாது. வயலிலும் கடற்கரையிலும் கிடைத்தது இந்தக் கல்தான். அதை உடைத்து, தட்டையான முகம் வெளியே தெரியும்படி வைத்து, வெளியிலிருந்து வரவழைத்த வெள்ளைச் சுண்ணாம்புக்கல்லோடு சேர்த்துக் கோலம் போல இழைத்திருக்கிறார்கள். வெள்ளைக்கல் படகில் வந்தாக வேண்டும். அப்படியானால் இங்கே படகு வந்தது, பணமும் இருந்தது. கேள்விக்கான முதல் தடயம் அது.

வடக்குப் பக்கச் சரிவிலிருந்து பார்த்தால் பிளைத் ஆற்றின் நீர்ப்பரப்பு தெரியும். கடல் ஏறும்போது ஏரி போலவும், இறங்கும்போது வெறும் சேறாகவும் இருக்கும். சேறாக இருக்கும்போதுதான் பறவை பார்க்க வசதி. பவளக்காலி, கருவால் மூக்கன், வளைந்து மேலே தூக்கிய அலகோடு கோணமூக்கு உள்ளான் எல்லாம் மேயும். கோடியக்கரையில் பறவை பார்த்திருப்பவர்களுக்கு இவை தெரிந்த முகங்கள்தான்.

இந்த மண்ணின் பழமையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். கிழக்கு ஆங்கிலிய அரசன் அன்னா (இங்கே அது ஆணின் பெயர்), 654 வாக்கில் பக்கத்துப் புல்கேம்ப்பில் நடந்த போரில் மெர்சியா அரசன் பெண்டாவிடம் தோற்று மாண்டான். அவனை பிளைத்பராவில் அடக்கம் செய்ததாகச் சொல்கிறார்கள். இப்போது நாம் பார்க்கும் கட்டடம் பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டு. கோபுரம் மட்டும் அதற்கும் மூத்தது.

உள்ளே: அவசரப்படாதீர்கள்

நுழையக் கட்டணம் இல்லை. கதவில் கனமான இரும்பு வளையம் இருக்கும். அதைத் திருகித் தள்ள வேண்டும். பூட்டியிருக்கிறது என்று நினைத்துத் திரும்பிப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். நுழைந்ததும் கதவைச் சாத்திவிடுங்கள், இல்லையென்றால் பறவைகள் உள்ளே வந்து சிக்கிக்கொள்ளும். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. சேறு இருந்தால் தட்டிவிட்டு வாருங்கள். ஆண்கள் தொப்பியை எடுத்துவிடுவது மரியாதை. வழிபாடு இல்லாத நேரத்தில் படம் எடுக்கலாம். யாராவது மண்டியிட்டு ஜெபித்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள்.

முதலில் கண்ணில் படுவது வெளிச்சம். வண்ணக் கண்ணாடி பெரும்பாலும் போய்விட்டது, சுவர் வெள்ளை, ஜன்னல் முழுக்கத் தெளிந்த கண்ணாடி. சதுப்பு நிலத்து வானமே உள்ளே வந்து நிற்பது போல இருக்கும். நடுக்கூடத்துக்கும் பலிபீடப் பகுதிக்கும் நடுவே கூரை முறியாமல் ஒரே நீளமாக ஓடுகிறது.

இப்போது ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, தலையைப் பின்னால் சாய்த்து, இருநோக்கியை எடுங்கள். உத்தரங்களின் நடுவில் மரத்தில் செதுக்கிய தேவதூதர்கள், இறக்கையை முழுக்க விரித்தபடி, முதுகோடு முதுகு ஒட்டி, ஒருவர் கிழக்கும் ஒருவர் மேற்கும் பார்க்கிறார்கள். கையில் கேடயம். ஐந்து நூற்றாண்டுக்கு முன் பூசிய சிவப்பும் பச்சையும் மங்கி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உத்தரம் முழுக்கப் பூக்களும் இயேசுவின் பெயரெழுத்துகளும் வரைந்திருக்கிறார்கள். முகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். சிலருக்கு மூக்கு இல்லை, சிலருக்கு இறக்கை நுனி ஒடிந்திருக்கிறது.

இந்தத் தூதர்களுக்குள் ஈயக் குண்டுகள் இருந்தன. வெகுகாலம் வரை அந்தப் பழியை வில்லியம் டவுசிங் மேல் போட்டு வந்தார்கள். உள்நாட்டுப் போர்க் காலத்தில், கோயில்களில் இருக்கும் உருவங்களை உடைக்க அதிகாரம் பெற்ற தூய்மைவாதி அவர். 1644 ஏப்ரலில் இங்கே வந்தார். இருபது தேவதூதர் உருவங்களை இறக்கச் சொன்னதாக அவரது நாட்குறிப்பிலேயே இருக்கிறது. ஆனால் குண்டுகளை ஆராய்ந்தவர்கள் அவை 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்றார்கள். கூரையில் கூடு கட்டிய ஜாக்டா காக்கைகளைச் சுடுவதற்கு தேவாலயக் கணக்கிலிருந்தே காசு கொடுத்திருக்கிறார்கள். பகை செய்யாததைப் பராமரிப்பு செய்திருக்கிறது. டவுசிங் சொன்னதைக் கூரையில் நிறைவேற்றவில்லை என்பதற்கு, தலைக்கு மேல் பறந்துகொண்டிருக்கும் இவர்களே சாட்சி.

அப்புறம் கண்ணைக் கீழே இறக்குங்கள். பெஞ்சுகளின் முனைகளில் முழங்கை உயரத்துக்குச் சின்னச் சின்ன மனிதர்கள். இவர்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவர்கள். பாவங்களை ஆளாக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். சோம்பல் படுக்கையை விட்டு எழ மனமில்லாமல் போர்வைக்குள் இருக்கிறான். பெருந்தீனி தொந்தியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். பேராசை பணப்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறது. குடிகாரனுக்குக் காலில் கட்டை. விரலால் தடவிப் பார்க்கத் தோன்றும், ஆனால் வேண்டாம். ஐநூறு வருடமாகப் பிரார்த்தனைக்கு எழுந்தவர்களின் கை பட்டே அந்தத் தலைகள் வழவழவென்று தேய்ந்திருக்கின்றன. குழந்தைகளை அழைத்துப் போனால், எது எந்தப் பாவம் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அரை மணி நேரம் அசைய மாட்டார்கள்.

பீடப் பக்கத்து இருக்கைகளின் முன்பலகையைக் குனிந்து பாருங்கள். 'டிர்க் லோவர்சன் வான் ஸ்டாக்ஹோம், 1665' என்று ஒரு பெயர் செதுக்கியிருக்கும். இந்தப் பலகைகள் ஒரு காலத்தில் பள்ளிக்கூட மேசையாக இருந்தவை. மைக்கூட்டுக்கான குழிகள் இன்னும் இருக்கின்றன. பாட நேரத்தில் கத்தியை எடுத்துப் பெயரைச் செதுக்கிய வெளிநாட்டுப் பையன் ஒருவன், இந்தத் தேவாலயத்தைக் கட்டியவர்கள் பெயரே நமக்குத் தெரியாதபோது, தன் பெயரை நிறுத்திவிட்டுப் போயிருக்கிறான்.

ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றி, கிறிஸ்தவச் சடங்குகளான ஏழு அருட்சாதனங்களின் சிற்பங்கள் இருந்தன. இப்போது சுரண்டிய தடம் மட்டும்தான். மணியடிக்கும் மரப்பொம்மை ஒன்று உண்டு. கையில் கோடாரி வைத்திருக்கும் இதற்கு ஜாக் என்று பெயர், 1682இல் செய்தது.

கடைசியாக வடக்குக் கதவுக்கு வாருங்கள். அதன் உட்புறத்தில் கருகின நீளக் கீறல்கள் தெரியும். 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை, வழிபாடு நடக்கும்போது பெரும் புயலில் இடி விழுந்தது. கோபுரத்தின் கூர்முனை சரிந்து கூரை வழியாக உள்ளே விழுந்து, ஒரு பெரியவரும் ஒரு பையனும் இறந்தார்கள். அதே நாளில் பங்கே என்ற ஊர்த் தேவாலயத்திலும் இருவர் மாண்டார்கள். கருநாய் வடிவில் பிசாசு வந்து, போகும்போது கதவில் நகத்தைப் பதித்துவிட்டுப் போனது என்று ஊரில் கதை. அந்த நாய்க்கு பிளாக் ஷக் என்று பெயர். மெழுகுவர்த்திச் சுடரால் வேண்டுமென்றே இட்ட காப்புக் குறிகளாக இருக்கலாம் என்பது இன்னொரு விளக்கம். பழைய வீடுகளின் மரச்சட்டங்களிலும் இப்படிப்பட்ட தடங்கள் உண்டு. எதுவானாலும், அந்தத் தடத்தின் அகலம் சரியாக ஒரு விரல் நுழையும் அளவு. அதைப் பார்த்தபோது கதையை நம்பியவர்களை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

இவ்வளவு பெரிய கட்டடத்தை அப்புறம் இந்த ஊரால் காப்பாற்ற முடியவில்லை. கூரை ஒழுகி, மக்கள் குடை பிடித்துக்கொண்டு வழிபட்டார்கள். 1881இல் ஆபத்து என்று ஆயர் மூடியே விட்டார். நிதி திரட்டிப் பழுது பார்த்துச் சில வருடங்களில் மறுபடி திறந்தார்கள். எப்படிப் பழுது பார்ப்பது என்பதில் வில்லியம் மோரிஸ் தொடங்கிய பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கமும் தலையிட்டு, பழையதைப் பிடுங்கிப் புதிதாக்காதீர்கள் என்று வாதாடியது. வண்ணம் மங்கிய தூதர்கள் அப்படியே இருப்பது நம் அதிர்ஷ்டம். இதையெல்லாம் இன்றும் உண்டியல் பணத்தில்தான் பராமரிக்கிறார்கள். முடிந்ததைப் போட்டுவிட்டு வாருங்கள். ஒரு காபிக்குக் கொடுக்கும் காசைவிடக் கூடவே போடலாம்.

மொத்தம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். வயதானவர்களுக்குக் கஷ்டம் இல்லை. தரை செங்கல், அங்கங்கே மேடு பள்ளம், அவ்வளவுதான்.

அடுத்து டன்னிச்: இல்லாத நகரம்

பிளைத்பராவிலிருந்து தெற்கே உள்சாலை வழியாகக் காரில் கால் மணி நேரம். வழியில் டோபிஸ் வாக்ஸ் என்ற பொட்டல்வெளி வரும். டோபியாஸ் கில் என்ற கறுப்பினப் படைமுரசுக்காரரின் பெயர் அது. ஒரு பெண்ணைக் கொன்றதாகக் குற்றம் சாட்டி 1750இல் அவரைத் தூக்கிலிட்டார்கள். பேய்க் கதையாக மட்டும் அவர் பெயர் நிற்பது எனக்கு வருத்தம்தான்.

டன்னிச்சில் இறங்கியதும் உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஒரு தெரு, ஒரு விடுதி, கூழாங்கல் கடற்கரை. இது ஒரு காலத்தில் இங்கிலாந்தின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. 1086இல் எடுத்த அரசுக் கணக்கெடுப்பில், ஆண்டுக்கு 68,000 ஹெர்ரிங் மீன் அரசனுக்குச் செலுத்தியதாக இந்த ஊர்க் கணக்கு இருக்கிறது. 1286இல் தொடங்கி, 1328, 1347 என்று அடுத்தடுத்துப் பெரும்புயல்கள். வீடுகளையும் கோயில்களையும் கடல் கொண்டுபோனது. துறைமுகத்தின் வாயைக் கூழாங்கல் அடைத்து, பிளைத் ஆறு வடக்கே வேறு வழி தேடிப் போனது. இருந்தும் ஆளில்லாத இந்த ஊர் 1832 வரை நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது.

நேராகக் கடற்கரைக்குப் போகாமல், முதலில் தெருவிலிருக்கும் சின்ன அருங்காட்சியகத்துக்குப் போங்கள். பழைய நகரத்தின் மாதிரி ஒன்றை அங்கே செய்து வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கடலோரம் நின்றால்தான், நகரம் எதிரே அலைக்கு அடியில் இருக்கிறது என்பது உறைக்கும். குளிர்காலத்தில் மூடியிருக்கும், நேரம் பார்த்துப் போங்கள்.

பிறகு மேட்டுக்கு ஏறினால் கிரேஃப்ரையர்ஸ் மடத்தின் இடிபாடு. வெளிச் சுவரும் வாசல் வளைவுகளும் நிற்கின்றன. 1290 வாக்கில் கடலுக்குப் பயந்து உள்ளே தள்ளிக் கட்டியது, இன்று மறுபடி கடலோரத்துக்கு வந்துவிட்டது. அதற்குப் பக்கத்து மரக்கூட்டத்தில், மண்மேட்டின் விளிம்பை ஒட்டி ஒரே ஒரு கல்லறைக் கல் நின்றதைப் பார்த்தேன். சகல பரிசுத்தர் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் மிஞ்சியது அது. அந்தத் தேவாலயம் 1904இல் தொடங்கி மெல்ல மெல்லக் கடலில் விழுந்து, 1919இல் கோபுரமும் போய்விட்டது. அதன் முட்டுச்சுவர் ஒன்றை மட்டும் பெயர்த்து, ஊருக்குள் இருக்கும் புனித யாக்கோபு தேவாலயத்து வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். கடலுக்கு அடியிலிருந்து மணியோசை கேட்கும் என்பார்கள். எனக்குக் கேட்டது கூழாங்கல் உருளும் சத்தம்தான்.

விளிம்புக்குப் பக்கத்தில் போகாதீர்கள். மணற்பாறை, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் சரியும். கீழே நடக்கும்போதும் சுவரை ஒட்டி உட்காரக் கூடாது. குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

மதியச் சாப்பாட்டைக் கடற்கரை வண்டி நிறுத்தத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். மீனும் சிப்ஸும் சூடாகக் கிடைக்கும். கடற்காகங்கள் கையிலிருந்தே பறிக்கும், பொட்டலத்தை மூடியே வைத்திருங்கள். சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ கூழாங்கல்லில் போகாது. அப்படிப்பட்டவர்களோடு வந்தால் தெற்கே டன்னிச் ஹீத்துக்குப் போய்விடுங்கள். நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கும் இடம், வண்டி நிறுத்தக் கட்டணம் உண்டு. அங்கிருந்தே கடலும், மின்ஸ்மியர் சதுப்பும், தூரத்தில் சைஸ்வெல்லின் வெள்ளைக் குவிமாடமும் தெரியும்.

பிற்பகல்: வால்பர்ஸ்விக்

டன்னிச்சிலிருந்து கடற்கரை வழியாக நடந்தும் வரலாம், ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று மேல். ஆனால் கூழாங்கல்லில் நடப்பது மணலில் நடப்பதைவிடக் கஷ்டம். காரில் வருவதே உத்தமம்.

ஊருக்குள் நுழையும்போதே புனித அந்திரேயா தேவாலயம். கூரையற்ற பெரிய சுவர்கள், அவற்றின் அணைப்பில் ஒரு சின்னக் கோயில். வெறும் இடிபாடு என்று கடந்து போகிறவர்களே அதிகம். இங்கேதான் நம் கேள்விக்குப் பதில் மிகத் தெளிவாக இருக்கிறது. இதன் கோபுரத்துக்கு 1426இல் போட்ட ஒப்பந்தம் பிழைத்திருக்கிறது. கொத்தர்கள் இருவர்: டன்னிச்சின் ரிச்சர்ட் ரஸ்ஸல், பிளைத்பராவின் ஆடம் பவுல். கூலி கஜத்துக்கு 40 ஷில்லிங், வேலை நடக்கும் ஒவ்வொரு வருடமும் ஒரு பீப்பாய் ஹெர்ரிங் மீன், ஆளுக்கு ஒரு அங்கி. மேற்கு வாசல் ஹேல்ஸ்வொர்த் கோயில் வாசல் மாதிரி அழகாக இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். மீனும் துறைமுகமும் ஒன்றுக்கொன்று போட்டியிட்ட ஊர்களும் சேர்ந்து எழுப்பிய கோயில்கள் இவை. ஆற்று வாய் தூர்ந்து, கப்பல்கள் பெரிதாகி, வியாபாரம் வேறு துறைக்குப் போனபோது கோயில் மட்டும் மிஞ்சியது. வால்பர்ஸ்விக்காரர்கள் 1690களில் அனுமதி வாங்கி, பெரிய கோயிலைப் பிரித்து விற்று, தெற்குப் பக்க நடையில் தங்களுக்குப் போதுமானதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். பிளைத்பரா எதையும் பிரிக்கவில்லை. அதனால்தான் அது அவ்வளவு பெரியது.

இதைப் பார்த்தபின் ஆற்றங்கரைக்கு இறங்குங்கள். சவுத்வோல்ட் பக்கம் கொண்டுவிடத் துடுப்புப் படகு ஒன்று இருக்கிறது. ஒரே குடும்பம் தலைமுறை தலைமுறையாக ஓட்டுகிறது. கோடைக் காலத்தில்தான் ஒழுங்காக ஓடும், காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள். கரையில் வரிசையில் நின்று கையசைத்தால் போதும். படகு நேர்கோட்டில் போகாது. நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் மூக்கை வைத்து, நீரே கொண்டுபோய்க் கரையில் சேர்க்கும்படி விடுவார்கள். துடுப்பு நீரில் இறங்கும்போது கிடைக்கும் 'க்ளக்' சத்தத்தைக் கவனியுங்கள். சில நிமிடங்களில் அக்கரை. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுவிடுங்கள். தவறவிட்டால் ஆற்றோடு மேலே நடந்து பெய்லி பாலத்தைத் தாண்டித்தான் திரும்ப வேண்டும். 1929இல் மூடிய சவுத்வோல்ட் குறும்பாதை ரயில் ஆற்றைக் கடந்த இடம் அது.

குழந்தைகளுக்கு இந்த ஊரில் வேறு கவலை இல்லை. நூலில் ஒரு துண்டு பன்றி இறைச்சியோ மீனோ கட்டி ஓடையில் விட்டால் நண்டு பிடித்துக்கொண்டு மேலே வரும். தூண்டில் முள் போடக் கூடாது. வாளியில் கடல்நீர், கொஞ்சம் பாசி, ஒரே வாளியில் நிறைய நண்டுகளை அடைக்காமல், வெயிலில் வைக்காமல், கிளம்பும்போது அங்கேயே விட்டுவிட வேண்டும்.

இன்னொரு நாள் இருந்தால்

சவுத்வோல்ட்டில் ஓர் இரவு தங்குங்கள். 1659இல் ஊர் பெரும்பகுதி எரிந்தது. அதற்குப் பிறகு திறந்தவெளிகளை விட்டுக் கட்டியதாகச் சொல்கிறார்கள், அதனால் தெருவெல்லாம் காற்றோட்டம். வீடுகளுக்கு நடுவே 1890இல் ஏற்றிய வெள்ளைக் கலங்கரை விளக்கம், 31 மீட்டர். புனித எட்மண்ட் தேவாலயத்தில் பிளைத்பரா ஜாக்கின் அண்ணன் ஒருவன், கவசம் போட்டு வண்ணத்தோடு நிற்கிறான். மரத்திரையில் வரைந்த புனிதர்களையும் பாருங்கள்.

பறவை ஆர்வலர்கள் அரை நாளை மின்ஸ்மியருக்குக் கொடுத்துவிடலாம். இரண்டாம் உலகப் போரில் எதிரி இறங்காமல் இருக்க இந்த நிலத்தில் நீரை விட்டார்கள். அதனால் உண்டான சதுப்பில், நூறாண்டாக பிரிட்டனில் கூடு கட்டாமலிருந்த கோணமூக்கு உள்ளான் 1947இல் திரும்பி வந்தது.

கோவ்ஹைத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். சவுத்வோல்ட்டுக்கு வடக்கே சில கிலோமீட்டர். அங்கேயும் ஒரு மாபெரும் கோயிலின் வெற்றுச் சுவர்கள், உள்ளே 1672இல் கட்டிய சின்னக் கூரைக்கோயில். நாணல் வேய்ந்த அந்தக் கூரை, பக்கத்துச் சுவரின் ஜன்னல் உயரத்துக்குக்கூட வரவில்லை. கோயிலைத் தாண்டிச் செல்லும் சாலை சிறிது தூரம் போய், தடுப்புக்கு அப்பால், பாதியிலேயே அறுந்து கடலுக்கு மேல் தொங்குகிறது. ஆண்டுக்குச் சில மீட்டர் கரை போகிறது. தடுப்பைத் தாண்டாதீர்கள். கடற்கரைக்கு இறங்க வேறு பாதை உண்டு. அதையும் ஓதம் இறங்கும் நேரம் பார்த்து மட்டும் பயன்படுத்துங்கள். ஏறும்போது நீர் பாறை வரை வந்துவிடும், ஒதுங்க இடம் இருக்காது.

திரும்பும்போது கொஞ்சம் இருட்டவிட்டுக் கிளம்புங்கள். சவுத்வோல்ட் சாலையிலிருந்து ஏ12இல் தெற்கே திரும்பி ஆற்றுப் பாலத்தை நெருங்கினால், சதுப்புக்கு அப்பால், விளக்கொளியில் பிளைத்பரா தேவாலயம் முழு நீளத்துக்கும் தெரியும். வண்டி ஓட்டுகிறவர் சாலையைப் பார்க்கட்டும், மற்றவர்கள் ஜன்னல்களை எண்ணுங்கள்.